கால் இல்லாத பொம்மையின் நடை

பிரேசர் டவுனில் ஒரு சின்ன நாடகக் குழுவில் என் மனைவி இருந்தாள். அந்தக் குழுவின் இயக்குநர் ஜப்பானில் சில மாதம் தங்கி, அங்குள்ள பழைய பொம்மலாட்டத்தைப் படித்துவிட்டு வந்தவர். கயிறு கிடையாது, ஒரு பொம்மையை மூன்று பேர் கையால் பிடித்து இயக்க வேண்டும். தலையும் வலது கையும் என் மனைவிக்கு. இடது கைக்கு ஒரு பல் டாக்டர். கால்களை இயக்கியவருக்கு முதுகு பிடித்துக்கொள்ள, அந்த இடத்துக்கு என்னை இழுத்துப் போனாள்.

போனால், பொம்மைக்குக் காலே இல்லை. ஜப்பானில் பெண் பொம்மைகளுக்குக் கால் வைப்பதில்லையாம். புடவைக் கொசுவத்துக்குள் இரண்டு கைகளையும் முஷ்டியாக மடக்கி விட்டு, மாற்றி மாற்றித் தள்ளி, அவள் நடப்பதுபோலக் காட்ட வேண்டும். நான் கறுப்பு முக்காடு போட்டுக் குனிந்தே இருக்க வேண்டும். யாரும் வாய் திறக்கக் கூடாது. என் மனைவியின் இடுப்பு அசைவதை வைத்துத்தான் நான் அடியெடுக்க வேண்டும்.

முதல் வாரம் முழுக்கச் சொதப்பினேன். பொம்மை வாசலில் நிற்கும், புடவை மட்டும் வெளியே போகும். இயக்குநர் சிரித்துவிட்டார். என் மனைவி சிரிக்கவில்லை.

"நான் கிளம்புறதுக்கு முன்னாடியே போயிடறீங்க," என்றாள். "வீட்லயும் இதேதான்."

பல் டாக்டர் எங்கோ பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது. அந்த மாதம்தான் அவளைக் கேட்காமலே ஹொரமாவில் ஒரு ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தேன். இருபது வருஷம் பக்கத்திலேயே இருந்தும், அடியெடுக்குமுன் அவள் லேசாக மூச்சு இழுப்பதை அங்கே குனிந்திருந்தபோதுதான் கவனித்தேன். அதன்பிறகு அந்த மூச்சுக்காகக் காத்திருக்கப் பழகினேன்.

நாடகத்தன்று, பொம்மை முற்றத்தைக் கடக்க வேண்டிய இடத்தில் அந்த மூச்சு வரவில்லை. நீளமாக ஒரு பெருமூச்சுதான் வந்தது; பொம்மையின் தலையும் மெல்லச் சரிந்து இறங்கியது. யோசிக்காமல் முஷ்டிகளை இறக்கிப் புடவையைத் தாழ்த்தினேன். பொம்மை அப்படியே உட்கார்ந்தது. ஒத்திகையில் அப்படி ஒரு இடமே இல்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன் உட்கார வெச்சே?"

"நடிப்பெல்லாம் இல்லைங்க. தலை தாங்கித் தாங்கி மணிக்கட்டு விட்டுப்போச்சு. நீங்க மட்டும் நடந்திருந்தா மானம் போயிருக்கும்."

கையை நீட்டினாள். ஆட்டோ வரும்வரை அமுக்கிவிட்டுக்கொண்டு நின்றேன். "அந்த ஃப்ளாட் வேணாம்னா சொல்லிடு," என்றேன்.

"முதல்ல போய்ப் பாக்கலாம்," என்றாள்.