இரண்டு வாய் கார்புரேட்டர்

கையுறையை எடுத்தேன். பெற்றோல் மணத்தது.

குளிர் தொடங்கினால் இது நடக்கும். எத்தனை தரம் தோய்த்தாலும் கம்பளி நூலுக்குள் எங்கேயோ ஒளிந்து கிடக்கிற மணம், கையின் சூடு பட்டதும் எழும்பி வரும். பேர்லினில் விடியாத காலையில், வேலைக்குப் போகிற பஸ்ஸில், பக்கத்துச் சீட்டுக்காரி மூக்கைச் சுருக்கிக்கொண்டு தள்ளி உட்காருவாள். உட்காரட்டும். எனக்கு அந்த மணம் ஒரு மனிதர். வேறு யாரும் என் பக்கத்தில் அவ்வளவு நேரம் இருந்ததில்லை.

அண்ணை என்றுதான் கூப்பிட்டேன், கடைசிவரை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூட. உணவகக் குசினியில் அரைவாழ்வு நின்று, காலில் நரம்பு புடைத்து, ஓய்வுக்கு வந்தவர். நானும் மனைவியும் பிரிந்தபோது, புது அறைக்குள் கொள்ளாத சாமான்களை வைக்க நகரத்து ஓரத்தில் ஒரு கராஜ் வாடகைக்கு எடுத்தேன். வரிசையாகத் தகரக் கதவுகள், பின்னால் ரயில் தண்டவாளம், நடுவில் ஒருபோதும் காயாத ஒரு குட்டை. பக்கத்துக் கதவு அவருடையது. நான் அட்டைப்பெட்டிகளைத் திறந்து பார்த்து மூடுகிறவன். அவர் காரின் பொனற்றைத் திறந்து பார்த்து மூடுகிறவர். ஒரு சனிக்கிழமை எட்டிப் பார்த்து, தம்பி இந்த லைற்றை ஒருக்காப் பிடிக்கிறீரோ என்று கேட்டார். பிடித்தேன். பிறகு எல்லாச் சனிக்கிழமையும் பிடித்தேன்.

உள்ளே நின்றது அமெரிக்கக் கார். எழுபதுகளில் பிறந்தது. இரண்டே கதவு, நீண்ட மூக்கு, பாசி நிறம், எட்டு சிலிண்டர். இந்த வகைக்கு இங்கத்தையவர்களும் மஸில் கார் என்றுதான் சொல்வார்கள், சொல்லும்போது தோளை ஒருமுறை உயர்த்துவார்கள். உணவகத்துக்கு வழக்கமாக வந்த ஒரு கிழவர் முதியோர் இல்லத்துக்குப் போகும்போது அண்ணைக்கு விற்றது. ஓடாது என்று சொல்லியே விற்றார். ஓடாததுதானே எங்களிடம் வரும்.

அண்ணையின் மகள் ஸ்டுட்கார்ட்டில். குழந்தை பிறந்திருந்தது. அப்பா, இனித் தனிய இருக்க வேண்டாம், வாங்கோ என்று மகள் சொல்லிவிட்டாள். அவர் அறையையும் கராஜையும் விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். மாதம் முடிவதற்குள் கார் ஓடினால் அதில் போவார். ஓடாவிட்டால் ரயிலில் போவார், காரைப் பழைய இரும்புக்காரன் கட்டி இழுத்துப் போவான். எப்படியும் அவர் போவார்.

எனக்கு இரண்டுக்கும் ஒரே ஒரு வித்தியாசம் இருந்தது. இத்தனை வருடத்தில் அவர் என் வீட்டுக்கு வந்ததில்லை. கூப்பிட்டால் கையை விரித்துக் காட்டுவார், நகக்கண்ணெல்லாம் கறுப்பு, இந்தக் கையோடையோ என்பார். வீட்டில் ஒரு மேசை, இரண்டு கதிரை. இரண்டாவது கதிரையில் எப்போதும் உடுப்புக் கிடக்கும். அதில் ஒருவர் வந்து உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்க வேண்டும் என்பது பெரிய ஆசை ஒன்றுமில்லை. ஆனாலும் ஆசை. ஒரு நாள், என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, சொன்னார்:

“கார் ஓடட்டும். உன்ர ஜன்னலுக்குக் கீழ கொண்டுவந்து நிப்பாட்டிப்போட்டு, மேல வந்து குடிக்கிறன்.”

ஆகவே அந்தக் கார் ஓடவேண்டும்.

பிழை கார்புரேட்டரில். காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற சாமான் அது. இதில் இருந்ததற்கு நாலு வாய். உள்ளே அரித்து, மிதவை ஓட்டை விழுந்து, எல்லா மூலையாலும் ஒழுகியது. அதே மாதிரி நாலு வாய் ஒன்று வாங்கிப் பூட்டினால் வேலை முடிந்தது, லைற் பிடிக்க நான் மட்டும் போதும். அண்ணை இரண்டு வாய் உள்ள ஒன்றைக் கொண்டுவந்தார். சின்ன எஞ்சின் ஒன்றிலிருந்து கழற்றியது. கையில் தூக்கிப் பார்த்து, உது காணும், உதே போதும் என்றார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அவர் யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் ஓடியவர். பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் மருந்துப் போத்தலில் வந்தது. ஸ்டார்ட் பண்ண மட்டும் கார்புரேட்டருக்குள் சில துளி விடுவார்கள், இருமி எழும்பினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். ஊரே வெள்ளைப் புகைக்குள் கண் எரியத் திரிந்தது. அந்தப் புகைக்குப் பின்னால் சைக்கிளில் போனவன் நான். அந்த மனிதர்தான், உலகத்துப் பெருந்தீனிக்காரன் ஒருவனை வாங்கி வைத்துக்கொண்டு அவனுக்குக் கஞ்சி வார்க்க நினைத்தார். ஏன் வாங்கினார் என்று கேட்டிருக்கலாம். நாலு வாயும் திறந்து குடிக்கிற ஒன்றை வைத்திருக்க ஆசைப்பட்டிருப்பார். குடிப்பதைப் பார்க்கத்தான் அவரால் ஏலாமல் போயிற்று.

மூன்றாம் கதவில் மோட்டார் சைக்கிள் திருத்துகிற ஜெர்மன்காரர் வந்து குனிந்து பார்த்துச் சிரித்தார். எட்டுப் பேர் இருக்கிற வீட்டுக்கு இரண்டு கரண்டியா என்று கேட்டார். மாறி மாறிச் சாப்பிடுவினம் என்று அண்ணை குசினி ஜெர்மனில் சொன்னார்.

நாலு துளை உள்ள இடத்தில் இரண்டு துளைச் சாமான் உட்காராது. நடுவில் ஒரு தட்டு வேண்டும். தடித்த அலுமினியத் துண்டை வாங்கி, துளையிட்டு, அரத்தால் ராவினார். மாலைகள் முழுக்க அந்த ராவுகிற சத்தம். ரயில் போகும்போது மட்டும் கேட்காது, போனதும் விட்ட இடத்திலிருந்து கேட்கும். இடையில் வைக்கிற தாள் அடைப்பையும் அவரே வெட்டினார். தாளை மேலே வைத்து எண்ணெய் விரலால் விளிம்பெல்லாம் தேய்த்தால் அச்சு விழும், அச்சோடு வெட்டினால் சரி. நான் லைற்றைப் பிடித்தபடி அவருடைய பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் அதிகம் கதைக்கவில்லை. கதைக்கத் தேவையில்லாத இடம் எனக்கு அது ஒன்றுதான் இருந்தது. வேறு இடங்களில் கதைக்க ஆளில்லை, அது வேறு.

முதல் நாள் ஸ்டார்ட் பண்ணும்போது, இருமல் மருந்துப் போத்தலொன்றை எடுத்து, புது வாய்க்குள் சில துளி பெற்றோல் விட்டார். பழைய பழக்கம். எஞ்சின் பிடித்தது. தகரக் கதவுகள் நடுங்கின. குட்டைத் தண்ணீரில் அலை வளையம் வளையமாக ஓடியது. எனக்கு நெஞ்சுக்குள்ளும் அப்படித்தான். ஆனால் ஏதோ சீறியது, வேகம் தானாக ஏறியது. தட்டின் ஓரத்தால் காற்று இழுக்கிறது என்று சொல்லி, அணைத்துவிட்டு, ஆணிகளைக் குறுக்கும் மறுக்குமாக இறுக்கினார். சீறல் நின்றது. மறுபடி பிடித்தது. தும்மியது. மிதித்தால் மேல்வாயாலேயே தும்மியது.

ஜெட் சின்னது. பெற்றோல் போகிற பித்தளைக் குமிழின் துளை அது. அவர் இருப்பதிலேயே சின்னதைப் போட்டிருந்தார்.

“பசியில இருமுது அண்ணை.”

“இருமட்டும். பழகும்.”

அடுத்த கிழமையும் பழகவில்லை. எஞ்சின் கொதித்தது. கராஜ் வளவைச் சுற்றி ஒரு தரம் ஓடிப் பார்த்தோம், ஏற்றத்தில் முக்கிற்று. மாதம் முடிய இன்னும் ஒரு சனிக்கிழமைதான் இருந்தது. இரும்புக்காரனுக்கு ஒரு போன் எடுத்து வை என்று அண்ணை சொன்னார். நான் எடுக்கவில்லை. அவரும் பிறகு கேட்கவில்லை. பொனற்றில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, அந்த இருமலைக் கனநேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு எஞ்சினை அணைத்தார். தன் ஜக்கெற் பொக்கற்றிலிருந்து சின்னப் பொலித்தீன் பை ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். உள்ளே பெரிய ஜெட்டுகள்.

“முதலே வாங்கி வச்சிருந்தனான். மனம் வரேல்லை.”

அவரால் அதைப் போடவும் ஏலவில்லை. லைற்றை அவர் பிடித்தார். நான் பூட்டினேன். அன்றுதான் என் கையுறை பெற்றோலில் நன்றாக நனைந்தது.

அதன் பிறகு அந்தக் கார் பாடியது என்று எழுத ஆசைதான். பாடவில்லை, உறுமியது, ஒழுங்காக உறுமியது. ஒரே ஒரு குறை. சூடான எஞ்சினை நிறுத்தினால், அலுமினியத் தட்டு வழியாகச் சூடு மேலே ஏறி, கார்புரேட்டருக்குள் பெற்றோல் கொதித்துவிடும். ஆறும்வரை ஸ்டார்ட் வராது. சூடு கடத்தாத தட்டொன்றுக்குச் சொல்லி வைத்தார், தபாலில் வரவில்லை. வழியில் பெற்றோல் அடிக்கிற இடத்தில் ஒரு நித்திரை அடித்துவிட்டுப் போகலாம் என்றார். நிப்பாட்டாமல் ஓடினால் ஒரு பிரச்சினையும் இல்லை என்றார். ஞாயிறு காலமை வாறன், தேத்தண்ணியைப் போட்டு வை.

ஞாயிறு. கதிரையிலிருந்த உடுப்பை எடுத்துக் கட்டிலில் எறிந்தேன். தமிழ்க் கடையில் வாங்கிய வடையைச் சூடாக்கினேன். சத்தம்தான் முதலில் வந்தது, தெருவே இல்லாத மாதிரி அமைதியாய்க் கிடக்கிற ஞாயிற்றுக்குள். ஜன்னலைத் திறந்தேன். பாசி நிற மூக்கு, பிறகு மிச்சக் கார்.

நிறுத்த இடமில்லை. தெருவின் இரண்டு பக்கமும் கார், விளிம்போடு விளிம்பாக. அவர் நடுத்தெருவில் நின்று, தலையை வெளியே நீட்டி மேலே பார்த்தார். வாங்கோ என்று கையசைத்தேன். அவர் பொனற்றைக் காட்டினார், கையை விரித்தார். அதே பழைய விரிப்பு. நடுத்தெருவில் அணைத்தால் பிறகு பிடிக்காது, தெருவே அடைபட்டுப் போகும். எதிர் ஜன்னலில் வீட்டு அங்கியோடு ஒரு கிழவி எட்டிப் பார்த்து, மோட்டரை நிப்பாட்டச் சொல்லிக் கத்தினாள். இத்தனை வருடத்தில் அவள் இந்தப் பக்கம் பார்த்துப் பேசியது அன்றுதான்.

தேத்தண்ணியைக் கோப்பையில் ஊற்றி, சீனியை அள்ளிப் போட்டேன். அவர் பெற்றோலில் பிடித்த சிக்கனத்தையெல்லாம் சீனியில் விட்டுவிடுகிறவர், சீனிப்பாணி மாதிரித் தித்திக்க வேண்டும். படிகளில் சிந்தச் சிந்த இறங்கினேன். கீழே வந்தபோது கார் இல்லை. பின்னால் வந்த வான்காரன் ஹோர்ன் அடித்துத் துரத்தியிருந்தான். ஆவி பறக்கிற கோப்பையோடு வீதியோரத்தில் நின்றேன். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன்.

தெருவின் மற்ற முனையில் உறுமல் கேட்டது. வீட்டுத் தொகுதியைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார். ஊர்ந்தபடியே ஜன்னலால் கை நீட்டினார், கோப்பையைக் கொடுத்தேன், போனார். மறுபடி வந்தார், வடை எங்கே என்றார். அது மேலே மேசையில் கிடந்தது. மறுபடி வந்தார். போய்ச் சேர்ந்ததும் போன் எடுங்கோ என்றேன், அவருக்குக் கேட்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். கடைசித் தரம் வெறும் கோப்பையை நீட்டி ஒன்று சொன்னார். நான் பதில் சொல்வதற்குள் மூலை திரும்பிவிட்டார்.

இன்னொரு சுற்று வருவார் என்று நின்றேன். உறுமல் பெருந்தெருவில் ஏறி, மெலிந்து, எதிர் ஜன்னல் கிழவியும் உள்ளே போய், தெரு பழையபடி ஞாயிறாயிற்று. கோப்பையின் அடியில் சீனி கரையாமல் படிந்து கிடந்தது. அவசரத்தில் கலக்க மறந்திருக்கிறேன். அதுதான் அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்:

“சீனி காணாது தம்பி. அடுத்த முறை பாத்துப் போடு.”