ஜமீலா என்று எழுதிய இசைத்தட்டு

இன்று கூத்தாநல்லூரில் ஒரு வீட்டுக்குப் பழைய இசைத்தட்டுகள் பார்க்கப் போனேன். எல்லாம் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர் சேர்த்தவை. அவர் போன வருடம் இறந்துவிட்டார். அவர் மனைவி பெட்டியைத் திறந்துவைத்து எதிரே உட்கார்ந்தார்.

ஒரு தட்டை வெளிச்சத்தில் சாய்த்தேன். லேபிளை ஒட்டிப் பொறித்திருந்த எண், முதல் பதிப்பு என்றது. கீறல் அதிகமில்லை. ஆனால் லேபிளில் நீல மையில் ‘ஜமீலா’ என்று எழுதியிருந்தது.

“முதல் பதிப்புதாம்மா. எழுத்து இருக்கறதால தரத்துல ஒரு படி குறையும், விலையும் குறையுங்க.”

“எங்க மூத்த பொண்ணு தம்பி. இந்தப் பாட்டைப் போட்டாத்தான் தூங்குவா. ரெண்டு வயசுல காய்ச்சல்ல போயிட்டா. அப்புறம் அவரு இதைப் போடவே இல்ல.”

குரலில் எந்த மாற்றமும் இல்லை. பிறகு கேட்டார்.

“அழிச்சுட்டா தரம் கூடுமா?”

“அழிக்க வேண்டாம்மா. நீங்களே வச்சுக்குங்க.”

“வச்சுக்கிட்டு? போடுறதுக்கு மெஷின் இல்ல. உங்க வீட்டுல பாடட்டும்.”

மன்னார்குடி வந்து மூன்று மணி நேரம் ஆகிறது. சாப்பிட்டேன், துணி மடித்தேன். தட்டு பிளேயரில் இருக்கிறது. ஊசியை வைக்கக் கை போகவில்லை.

இந்த இசைத்தட்டுக் குழுவில் ஒரு கீறலைப் பற்றி நாள் முழுக்கச் சண்டை போடும் நண்பர்களே, இதற்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்களாக இருந்தால் போடுவீர்களா?