மேப்பிள் மரத்தடியில் பத்து வினாடி

என் அலுமாரிக்குள் ஒரு ட்ரைபொட் இருக்கிறது, கமராவை நிறுத்துகிற மூன்றுகால் தாங்கி. அதன் ஒரு கால் நடுவில் வளைந்து போயிருக்கிறது. நிமிர்த்தித் தரட்டுமா என்று கேட்டவர்களிடமெல்லாம் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறேன். என் அத்தானின் தோள் எலும்பில் பட்டு வந்த வளைவு அது. இன்னும் இரண்டு போட்டிருக்கலாமே என்ற கவலையைத் தவிர, அதைப் பற்றி எனக்கு வேறு கவலை கிடையாது.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில், கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில், அக்காவோடும் அத்தானோடும் நான் இருந்தேன். ஒவ்வொரு ஒக்டோபரிலும் அவன் எங்களைக் காரில் ஏற்றிப் பாலம் கடந்து, ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே போகும் ஒரு நாட்டுப்புற றோட்டுக்குக் கூட்டிப்போவான். இரு பக்கமும் மேப்பிள் மரங்கள் சிவப்பும் மஞ்சளுமாக நிற்கும். அந்த மரங்களுக்கு முன்னால் நின்று படமெடுத்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பாத தமிழ் வீடு அப்போது எனக்குத் தெரிந்து இல்லை. மூவரும் படத்தில் விழவேண்டும் என்பதால், கமராவை ட்ரைபொட்டில் பூட்டி, தானே படமெடுக்கும்படி வைத்து, பொத்தானை அழுத்திவிட்டு ஓடி வருவான். பத்து வினாடி. கமராவின் முன்பக்கம் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும். அது அணைவதற்குள் அக்காவின் தோளில் கை போட்டுச் சிரித்துவிடுவான்.

அக்கா எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்பதையும் அவனே தீர்மானிப்பான். கன்றிய கன்னம் படத்தில் தெரியக்கூடாது. நான் என்ன செய்தேன்? "கொஞ்சம் சிரியுங்கோவன் அக்கா" என்றேன். மூன்று வருடம் அப்படிச் சொன்னேன். இதை எழுதும்போது என் வாயிலேயே அறைய வேண்டும் போலிருக்கிறது. ஒருமுறை யாழ்ப்பாணத்திலிருந்த அம்மாவிடம், அவன் அடிக்கிறான் என்று தொலைபேசியில் சொன்னேன். "படத்திலை சந்தோசமாத்தானே நிக்கினம். ஆம்பிளையள் கோவத்திலை கை நீட்டுறதுதான். பொறுத்துப் போகச் சொல்லு" என்றார்.

நான்காவது வருடம் விளக்கு எரியத் தொடங்கியதும் வழக்கம்போல ஓடி வந்தான். அக்கா சட்டென்று தலையைத் திருப்பி, வீங்கிய இடது கன்னத்தைக் கமராவுக்குக் காட்டினாள்.

"அங்காலை திரும்படி."

அவள் திரும்பவில்லை. அவன் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து மறு கையால் முகத்தில் அறைந்தான். கமரா கிளிக் என்றது அவனுக்குக் கேட்கவில்லை. அவளுடைய நெற்றியை மரத்தோடு மோதினான். திரும்பவும் மோதினான். அவள் சருகுக்குள் விழுந்த பிறகும் வயிற்றில் உதைத்தான். "ஊருக்குப் போற படத்திலை என்ரை மானத்தை வாங்கப் பாக்கிறியோ?" என்று கத்திக் கத்தி உதைத்தான். நான் ட்ரைபொட்டைத் தூக்கினேன். கமரா கழன்று புல்லில் விழுந்தது. என் முழுப் பலத்தோடும் அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. பொய் சொல்வானேன், அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

கமராவையும் ட்ரைபொட்டையும் அள்ளிக்கொண்டு, அக்காவை எழுப்பிக் காருக்கு ஓடினேன். சாவி காரிலேயே இருந்தது. அவன் அதுவரை ஒரு நாளும் ஓட்ட விடாத அந்தக் காரை, ஒரு கண் மூடிப்போன முகத்தோடு அக்காதான் ஓட்டினாள். லொங்குய்யில் என் சிநேகிதி வீட்டில் தங்கினோம். பெண்ணிடம் அடி வாங்கினேன் என்று சொல்ல வெட்கப்பட்டு, ஏணியிலிருந்து விழுந்ததாக அவன் கோயிலில் சொல்லித் திரிந்தான். கோயில் ஆட்கள் சமாதானம் பேச வந்தார்கள். "அவர் அப்பிடியான ஆளில்லை, தங்கச்சி" என்றார்கள். அம்மாவும் திரும்பிப் போ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் வாரம் அக்கா உடுப்புகளைப் பையில் அடுக்கி வாசலில் வைத்தாள்.

"எல்லாரும் போகச் சொல்லுகினம். நான் வேறை எங்கையடி போறது?"

அவளுக்குத் தெரியாமல் நான் ஒரு வேலை செய்திருந்தேன். கமராவிலிருந்த பிலிம் சுருளை, படம் கழுவித் தரும் மருந்துக்கடையில் கொடுத்துக் கழுவி, அந்தப் படத்தை, கடிதம் எதுவும் எழுதாமல், அம்மாவுக்குத் தபாலில் அனுப்பியிருந்தேன். பின்னால் மேப்பிள் மரம் செக்கச்செவேலென்று நிற்க, அவனுடைய கை அக்காவின் முகத்தில் இருந்த படம்.

அவள் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அக்காதான் எடுத்தாள்; அம்மாவின் குரல் எனக்கும் கேட்டது. அம்மா சுகம் விசாரிக்கவில்லை. "படம் கிடைச்சுது. பிள்ளை, அவன்ரை வாசல்படி மிதிச்சிடாதை. நான் சொன்னதெல்லாம் பிழை" என்றார். பிறகு அழுகைதான் கேட்டது. அக்கா "ஓம் அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, போட்ட ஒற்றைச் சப்பாத்தைக் கழற்றினாள்.

இப்போது அக்கா புரோசார்ட்டில் இருக்கிறாள். ஒக்டோபர் வந்தால் தன் காரில் வந்து என்னையும் ட்ரைபொட்டையும் ஏற்றிக்கொண்டு அதே றோட்டுக்குப் போவாள். வளைந்த காலுக்குக் கீழே ஒரு கல்லை வைத்துப் பொத்தானை அழுத்துவாள்.

"ஓடி வாங்கோ அக்கா, விளக்கு எரியுது!" என்று நான் கத்துவேன்.

"ஏன் ஓட? எடுக்கிறதை எடுக்கட்டும்" என்பாள்.

போன வருடப் படத்தில் நான் மரத்தடியில் தனியே நிற்கிறேன். அக்கா பாதி வழியில், கமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குனிந்து ஒரு இலையைப் பொறுக்குகிறாள். அம்மா அதைத்தான் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்.