மதிய மாத்திரை

ஜாலான் புசார் தெருவில் ஆணி, தாழ்ப்பாள் விற்கும் கடையை, வாப்பா மவுத்தான பிறகு தனியாளாக நடத்தியவர் என் உம்மா ஆமினா பீவி. நின்றே நடத்தினார். உட்கார்ந்தால் வந்தவர் வேறு கடைக்குப் போய்விடுவாராம். வயதான பிறகு அந்தக் காலில்தான் சர்க்கரைப் புண் வந்தது.

பாலிகிளினிக்கில் தினம் மூன்று வேளை சாப்பிட ஆண்டிபயாட்டிக் கொடுத்தார்கள். மறுநாள் ரமலான் தலைநோன்பு.

“உங்களுக்கு நோன்பு கடமையில்ல உம்மா. பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லிட்டார் லா” என்றேன்.

“சரி சரி, விட்டுடறேன்” என்றார். எங்கே விட்டார்! விடியுமுன் சஹர் சாப்பாட்டில் ஒரு மாத்திரை, நோன்பு திறந்து ஒன்று. மதிய மாத்திரை டப்பாவிலேயே கிடந்தது. நான் ஜூரோங்கில் புருஷன் வீட்டில் இருக்கிறேன், எனக்கு எப்படித் தெரியும்?

செங்காங் வீட்டில் உம்மா கூடவே இருக்கும் என் தம்பி அர்ஃபானுக்குத் தெரியும். தினமும் சஹரில் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவன். அதுதான் என் வயிற்றெரிச்சல். அவன் வேலையே கிருமி ஆராய்ச்சி. கிருமியைப் பட்டினி போடுவான், சாகாத அளவுக்கு மருந்தும் காட்டுவான். அவதியில் மாட்டிய கிருமி பெருகும்போது, தன் நகலைக் கண்டபடி தப்பாக எடுக்குமாம். பல தப்புகள் அதையே கொன்றுவிடும். எங்கோ ஒரு தப்பு மட்டும் மருந்துக்கு அசராத கிருமியை உண்டாக்கிவிடும். இதை ஊர் ஊராகப் போய் மேடையேறிப் பேசுகிறான், பெற்ற தாயிடம் ஒரு வார்த்தை இல்லை.

பெருநாளைக்குள் பாதம் கறுத்துவிட்டது. முதலில் கேட்ட மருந்து இப்போது கேட்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

“பாத்துக்கிட்டே இருந்தியே, வாயில என்ன கொழுக்கட்டையா?” என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே கத்தினேன்.

“சண்டை வரும்னு விட்டுட்டேன்கா” என்றான். சண்டையாம்!

மயக்கம் தெளிந்ததும் உம்மா, “மருந்து ஏன் கேக்கல?” என்றார். நீயே சொல்லுடா என்று அவனை முன்னே தள்ளினேன்.

“மருந்து கொறைஞ்சா கிருமி முழுசா சாகாது உம்மா. தப்பிச்சது மாறிடும். அப்புறம் அந்த மருந்துக்கு அடங்காது.”

“இவ்வளவுதானா? முன்னாடியே சொல்லியிருந்தா நோன்பை விட்டிருப்பேனேடா.”

“உங்களுக்குப் புரியாதுன்னு நெனச்சேன் உம்மா.”

“அப்ப என்னை முட்டாள்னே முடிவு பண்ணிட்டே” என்று உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.