முட்டி வலியும் நாற்காலியும்

அறுபதுகளின் தொடக்கம். குளத்தூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் ஒரே ஒரு மர நாற்காலி இருந்தது. மாமியார் எதிரில் மருமகள் அதில் உட்காரக் கூடாது. எனக்கோ முட்டிகள் வீங்கித் தரையிலும் உட்கார முடியாது. ஆக, ஒரு வருஷம் முழுக்க நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

"நடவு வயல்ல நின்ன வாதம் ஆத்தா" என்றார் மாமியாரான என் அத்தை. இலையை வதக்கிக் கட்டினார், தைலம் தேய்த்தார், உருளைக்கிழங்கை நிறுத்தினார். புதுக்கோட்டை டாக்டரும் வாதம் என்றே மாத்திரை கொடுத்தார். எதற்கும் வலி மசியவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

கடைசியில் என் வீட்டுக்காரர் மதராஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அத்தையும் வந்தார். அங்கே டாக்டர் முட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என் விரல்களை வெகுநேரம் பார்த்தார். நுனி பருத்து, நகம் கிளிமூக்காக வளைந்திருந்தது. உழைத்த கை அப்படித்தான் ஆகும் என்று நாங்கள் விட்டிருந்தோம். இருமலையும் அடுப்புப் புகை மேல் போட்டிருந்தோம். அவர் நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். நுரையீரலில் புற்றுநோய்க் கட்டி.

"கட்டி நெஞ்சுலம்மா. விரல் பருத்ததும் முட்டி வலிக்கிறதும் அதோட வேலைதான். இன்னும் பரவல, எடுத்திரலாம்" என்றார்.

அத்தை தன் மகனிடம் சீறினார். "கால் வலின்னு வந்தவளுக்கு நெஞ்ச அறுக்குறாராம்! இந்த மனுசருக்குக் கால் எங்கிட்டு இருக்குன்னே தெரியலயேப்பா. வா, ஊருக்குப் போவோம்."

எனக்குச் சாகப் பயமாக இருந்தது. இப்படியே நின்றுகொண்டு வாழ அதைவிடப் பயமாக இருந்தது. முதன்முறையாக அத்தையை எதிர்த்துப் பேசினேன்.

"நீங்க போங்கத்தை. நான் அறுத்துக்கிட்டுத்தான் வாரேன்."

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது விலா நெருப்பாய் எரிந்தது. முட்டியை மெல்ல மடக்கினேன். வலி இல்லை. மறுபடி மடக்கினேன். இல்லவே இல்லை! தையல் இழுக்க இழுக்கச் சிரித்தேன். நர்ஸ் வந்து அதட்டினார்.

ஊர் திரும்பிய அன்று தெருவே வாசலில் கூடிவிட்டது. எல்லோர் முன்னாலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுந்தேன். பிறகு சம்மணம் போட்டுக் காட்டினேன். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அதான் தரையில ஒக்கார முடியுதே. உள்ள வாத்தா, எலை போடுறேன்" என்றார்.

உள்ளே போய் அந்த நாற்காலியை இழுத்தேன். அவருக்கு எதிரிலேயே போட்டு உட்கார்ந்தேன்.

"இங்கிட்டே கொண்டாங்கத்தை."

அத்தை தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.