தவிட்டுக்கு விற்ற மகளை மாதா மீட்டுக் கொடுத்தாள்

மாதாவை நம்பும் சகோதர சகோதரிகளே, பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் வாழ்ந்தவள் நான். முகத்துவாரம் தூர்ந்து, வலையில் பாசி மட்டுமே ஏறிய 1979-இல் என் வீட்டுக்காரர் சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்குப் போனார். அதற்குப் பிறகு எந்தப் படகு கரையேறினாலும் என் கண் அவரைத் தேடும். வரமாட்டார் என்று தெரிந்தும் தேடும்.

மூன்று வருஷம் கழித்துக் கடிதம் வந்தது. அவருக்கு அங்கே நிரந்தரவாசம் கிடைத்துவிட்டதாம். எங்களுக்கும் விண்ணப்பம் போட வேண்டும், பிள்ளைகளின் பிறப்புச் சான்றை அனுப்பு என்று எழுதியிருந்தார். மறுநாளே சான்று வாங்கப் பொன்னேரி தாலுகா ஆபீசுக்குப் பஸ் ஏறினேன். மகன் சான்றில் குறையில்லை. மகள் ஜெசிந்தாவின் சான்றிலோ தாய் கன்னியம்மா, தகப்பன் அவள் புருஷன் என்று இருந்தது.

எழுதியவர் மேல் தப்பில்லை. நாங்கள் சொன்னதைத்தான் எழுதியிருந்தார். ஜெசிந்தாவுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவள் நான். அப்படிப்பட்ட வீட்டில் அடுத்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். அக்கம்பக்கத்துப் பெண் ஒருத்தி முறத்தில் தவிடு கொடுத்து வாங்கிக்கொள்வாள். பெற்றவளே வளர்த்தாலும் பேருக்குப் பிள்ளை அவளுடையது. சாவு ஏமாந்து போகும் என்று நம்பிக்கை. பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அக்காவுக்குப் பிள்ளை கிடையாது. கைராசி இல்லாதவள் என்று சிலர் தடுத்தும் நான் அவளிடம்தான் விற்றேன். பிறப்பு எழுத வந்தவரிடமும் பயத்தில் அவள் பேரையே சொன்னோம். பிள்ளை பிழைத்தது.

பேரைத் திருத்தக் கேட்டால், கோயிலில் கொடுத்த ஞானஸ்நானச் சான்று போதாதாம். கன்னியம்மாவும் புருஷனும் வந்து, இது எங்கள் பிள்ளை இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அவர்களோ பிழைப்புத் தேடி எப்போதோ ஆந்திரா பக்கம் போய்விட்டார்கள். சுண்ணாம்புக்குளம், ஆரம்பாக்கம் எங்கும் விசாரித்தேன். ஒரு துப்பும் இல்லை. மகனோடு முதலில் வா, மகளைப் பிறகு பார்க்கலாம் என்று என் வீட்டுக்காரர் எழுதினார். அவர் ஏக்கம் எனக்குத் தெரியாதா? எனக்கும் அதே ஏக்கம்தான். ஆனால் மகளை விட்டுவிட்டு எப்படிப் போவேன்?

கோயிலில் மண்டி போட்டு அழுதேன். தாயே, நீயும் மகனைக் காணாமல் தேடித் தவித்தவள்தானே. என் மகள் கண்ணெதிரே இருந்தும் தொலைந்து போனாளே, கண்டுபிடித்துக் கொடு என்று கேட்டேன். தினமும் இதே ஜெபம்தான்.

திருவிழாக் கொடியேற்றத்தன்று கூட்டத்தில் யாரோ என் தோளைத் தொட்டார்கள். கன்னியம்மா! அவள் எங்களைப் போல் கிறிஸ்தவ வேதக்காரி இல்லை.

"மாதாவுக்கு மெழுகுவத்தி நேந்துக்கினேன் தங்கச்சி. புள்ள நல்லா கீறாளான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள்.

விஷயத்தைச் சொன்னேன்.

"என்னையும் ஒரு எடத்துல அம்மான்னு எழுதி வெச்சிக்கீறாங்கன்னு இப்பதான் தெரியுது. அதையும் இல்லன்னு சொல்லணும்ன்ற."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, நான் குடுத்த தவிட்டத் திருப்பிக் குடு. புள்ளய சும்மா திருப்பிக் குடுத்தா அதுக்கு ஆவாது."

வீட்டுக்கு அழைத்துப் போய் முறத்தில் தவிடு கொடுத்தேன். முந்தானையில் வாங்கிக்கொண்டாள். மறுவாரம் புருஷனோடு பொன்னேரிக்கு வந்து கைநாட்டு வைத்தாள். விரலில் மிச்சமிருந்த மையை ஜெசிந்தாவின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டாக வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினாள்.

அடுத்த வருஷம் குடும்பமாக அவரிடம் போய்ச் சேர்ந்தோம். மாதாவுக்குக் கோடி நன்றி. முன்பெல்லாம் என் வீட்டுக்காக மட்டும் ஜெபிப்பேன். இப்போது எங்கள் ஜெபமாலை கன்னியம்மா பேரைச் சொல்லாமல் முடிவதில்லை.

பிரிந்தவர்களுக்காக ஏங்கி நிற்பவர்களே, நம்பிக் கேளுங்கள். தாய் கைவிடமாட்டாள். சில நேரம் இன்னொருத்தி மடியிலிருந்து எடுத்துத்தான் தருவாள். அந்த மடிக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள்.