டிலக்சி கழற்றிய கண்ணாடி

பிலேந்திரன் இருப்பது நோர்வேயில் அம்மருட் என்ற இடத்தில், என் வீட்டுக்கு மேல் மாடியில். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் பதினாறு வருடங்களாக உதவியாளர். பாதுகாப்புக் கண்ணாடி விடயத்தில் ஆள் பொல்லாதவர். எட்டிப் பார்க்க வந்த அதிபரையே வாசலில் மறித்துக் கண்ணாடி மாட்ட வைத்தவர் என்றால் பாருங்களேன்.

மாணவர்கள் எல்லோரும் நோர்வே வழக்கப்படி அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். டிலக்சி மட்டும் "மாமா" என்பாள். அதற்கு மனிதர் உருகிவிடுவார்.

அன்று அவள் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"மாமா, இது முகத்திலை அடையாளம் விழுத்துது. பின்னேரம் அரங்கேற்ற அழைப்பிதழுக்குப் படம் எடுக்கினம். இண்டைக்கு மட்டும்..."

"சரி, சரி. தள்ளி நிண்டு பார்."

பக்கத்து மேசையில் ஒருத்தி காரக் கரைசலைத் தட்டிவிட்டாள். அது டிலக்சியின் இடது கண்ணில் தெறித்தது. பிலேந்திரன் அவளைக் குழாயடிக்கு இழுத்துப் போய், அம்புலன்ஸ் வரும்வரை இமையை விரித்துப் பிடித்துக் கழுவினார். பதறி ஓடிவந்த ஆசிரியரிடம் டிலக்சி, "நான்தான் சொல்லாமல் கழற்றினேன்" என்று நோர்வீஜிய மொழியில் சொன்னாள். அறிக்கையிலும் அப்படியே எழுதினார்கள். பிலேந்திரன் வாயே திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தை நினைக்க இன்னும் வெட்கமாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னார்.

ஒரு கிழமை கழித்து டிலக்சியின் தாய் சிவரஞ்சினி லட்டுப் பெட்டியோடு அவர் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணை, நீங்கள் உடனை கழுவினபடியால்தான் பார்வை தப்பினதாம். அரங்கேற்றம் தள்ளிப்போட்டம். எப்ப வைச்சாலும் விளக்கு நீங்கள்தான் ஏத்தவேணும்."

"பிள்ளை எப்பிடி இருக்கிறாள்?"

"அவளோடை நான் இன்னும் கதைக்கேல்லை. சொல்வழி கேளாமல் கழட்டினவள்தானே. ஒரு கிழமையா அழுதபடிதான்."

பிலேந்திரன் லட்டுப் பெட்டியைத் திறக்காமலே கீழே வைத்தார்.

"அவளை ஏசாதேங்கோ தங்கச்சி. என்னட்டைக் கேட்டவள். நான்தான் ஓம் எண்டு விட்டனான். என்னைக் காப்பாத்தத்தான் பிள்ளை பொய் சொன்னவள்."

சிவரஞ்சினி அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும் என்றார் என்னிடம். அவள் வாசலில் நின்றபடியே போனை எடுத்து மகளை அழைத்தாள்.

"பிள்ளை," என்றாள். "சாப்பிட்டியே அம்மா?"

பிறகு அவரைத் திரும்பிப் பாராமலே படியிறங்கினாள்.